தொட்டியில் பெருகுது, ஆற்றில் மறையுது: ஸீப்ரா பிளெக்கோ மீனுக்கு என்னதான் பிரச்னை?

கண்ணாடித் தொட்டியின் சுவரில் வாயை ஒட்டிக்கிட்டு, மணிக்கணக்கில் அசையாம கிடக்கும் கருப்பு மீனைப் பார்த்திருப்பீங்க. கடையில் 'டேங்க் கிளீனர்' அல்லது 'சக்கர்' என்று கேட்டால் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். விலையும் பெரிதாக இருக்காது. அந்த மீனுக்கு பிரேசில் நாட்டில் ஒரு குட்டிச் சொந்தக்காரன் இருக்கிறான். நீளம் அதிகபட்சம் 8 சென்டிமீட்டர் அளவு, அதாவது உங்க சுண்டுவிரலைவிட கொஞ்சம் பெரிசு. உடம்பு முழுக்க கருப்பு வெள்ளைக் கோடு. பெயர் ஸீப்ரா பிளெக்கோ. ஒரே ஒரு மீன் வெளிநாட்டுச் சந்தையில் சில நூறு டாலர் வரை போகும்.

இந்த மீன் இயற்கையாக வாழ்வது உலகத்தில் ஒரே ஒரு ஆற்றில்தான். அந்த ஆற்றிலும் ஒரே ஒரு வளைவில்தான். 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய உலக நாடுகள், இந்த மீனை ஆற்றிலிருந்து பிடித்து வணிகத்துக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது என்று முடிவு செய்தன. விரல் நீள மீனுக்கு சர்வதேச அளவில் பாதுகாப்பு கிடைத்தது.

ஆனால் அந்த மீன் வாழும் தண்ணீருக்கு எந்த ஒப்பந்தமும் பாதுகாப்பு கொடுக்கவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கு. விரிவாகப் பார்ப்போம்.

எங்கே இருக்கு இந்த ஆறு?

பிரேசிலின் நடுப்பகுதியில் உள்ள மாட்டோ குரோசோ மாநிலத்தில் பிறந்து, வடக்கு நோக்கிக் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் ஓடி, அமேசானில் கலக்கும் ஆறு ஷிங்கு. அமேசான் என்றதும் சேறு கலந்த பழுப்புத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஷிங்கு அப்படி இல்லை. மிகப் பழைய கடினப் பாறைகள் மீது ஓடி வருவதால் வண்டல் குறைவு. தண்ணீர் தெளிவாக இருக்கும்.

பாரா மாநிலத்தில் அல்டமிரா என்ற நகரத்தைத் தாண்டியதும் இந்த ஆறு பெரிய கொக்கி போல வளைகிறது. உள்ளூர்க்காரர்கள் அதை 'வோல்டா கிராண்டே' என்கிறார்கள். பெரிய வளைவு என்று பொருள். சுமார் 130 கிலோமீட்டர் நீளத்துக்கு பாறை, தீவு, நுரை தள்ளும் நீர்ப்பாய்ச்சல்தான். இந்த வளைவுக்குள் ஆறு ஏறத்தாழ 90 மீட்டர் உயரம் இறங்கிவிடுகிறது.

ஸீப்ரா பிளெக்கோவின் வீடு இதுதான். ஆற்றின் அடியில், நீரோட்டம் வேகமாக அடிக்கும் இடத்தில், பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் பகலெல்லாம் ஒளிந்திருக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து மேயும். உள்ளூர்ப் பெயர் 'அகாரி ஸீப்ரா'.

ஒட்டிக்கிட்டே எப்படி மூச்சு விடுது?

லோரிகாரிடே என்ற குடும்பம், கெளுத்தி இனங்களிலேயே மிகப் பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள், எல்லாமே தென் அமெரிக்காவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்தவை. நம்ம ஊர் கெளுத்தி வழவழப்பாக இருக்கும். இவற்றின் உடம்பிலோ எலும்புத் தகடுகள் கவசம் போல அடுக்கியிருக்கும். வாய் கீழ்நோக்கி, வட்டமான உறிஞ்சுகுழல் மாதிரி.

பொதுவாக மீன்கள் வாய் வழியாகத் தண்ணீரை இழுத்து, செவுள் வழியாக வெளியே விடும். வாயையே பாறையில் ஒட்டி வைத்தால் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? இந்தக் குடும்பத்து மீன்களுக்கு உதட்டோரத்தில், மீசை முளைக்கும் இடத்துக்கு அருகே சின்னப் பள்ளம் உண்டு. பிடி விடாமலேயே அதன் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மனிதர்கள் நின்றால் அடித்துக்கொண்டு போகும் வேகத்திலும் இவை நிதானமாக ஒட்டிக்கொண்டிருப்பதன் ரகசியம் இந்தச் சின்னப் பள்ளம்தான்.

வேகமாக ஓடும் தண்ணீர் பாறைகளில் மோதி நுரைக்கும்போது காற்றில் உள்ள ஆக்சிஜனை நிறைய வாங்கிக்கொள்ளும். அந்த ஆக்சிஜனுக்குப் பழகிய உடம்பு இது. தேங்கிய, சேறு படிந்த தண்ணீர் இதற்கு ஒத்துவராது.

ஒரு பத்திரிகைப் படமும், ஒரு எண்ணும்

1980களின் இறுதியில் தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு புதுப்புது உறிஞ்சுவாய்க் கெளுத்திகள் வந்து குவிந்தன. அறிவியலாளர்கள் பெயர் வைப்பதற்குள் கடைகளில் விற்பனைக்கு வந்துவிடும். ஜெர்மனியின் 'டாட்ஸ்' என்ற மீன் வளர்ப்புப் பத்திரிகை 1988இல் ஒரு வழி கண்டுபிடித்தது. பெயர் இல்லாத மீனுக்கு படத்தோடு ஒரு எண் கொடுத்துவிடுவது. லோரிகாரிடே என்பதன் முதல் எழுத்தை வைத்து 'எல்' எண்கள். இன்றும் மீன் பிரியர்கள் இதே எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம்ம கதாநாயகனின் எண் எல்-46.

1991இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஐசக் இஸ்புரூக்கர், ஹான் நிஜ்சென் இருவரும் இதற்கு முறையாக ஹைபான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்று பெயர் வைத்தார்கள். ஆன்சிஸ்ட்ரஸ் என்ற வேறொரு வகையைவிட இதற்குப் பற்கள் குறைவு என்பதைக் குறிக்கும் பெயர். கேட்க சாதாரணமாக இருக்கலாம், ஆனால் வளர்ப்பவர்களுக்கு இது முக்கியமான துப்பு. பாசியைச் சுரண்டித் தின்னும் மீனுக்கு வரிசையாக நிறைய பல் வேண்டும். பல் குறைவு என்றால் இதன் உணவுமுறையே வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

அழகு, அரிது, ஒரே ஆறு. விலை ஏறுவதற்கு இந்த மூன்றும் போதாதா? அல்டமிராவில் இதைப் பிடிப்பதே பல குடும்பங்களுக்கு வாழ்க்கையானது. படகில் ஒரு கம்ப்ரஸர் ஓடும், அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மீனவர் ஆற்றின் அடிக்குப் போவார். பாறை இடுக்கில் கைவிட்டு ஒவ்வொரு மீனாக எடுப்பார். ஆபத்தான வேலை. காசில் பெரும்பங்கு இடைத்தரகர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும்தான் போனது.

2004இல் பிரேசில் அரசு இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அதோடு பிடிப்பது, விற்பது, ஏற்றுமதி செய்வது எல்லாம் குற்றம்.

தடை போட்டதும் நின்றதா?

நிற்கவில்லை. வழிதான் மாறியது. பிரேசிலின் மேற்கு எல்லையில் தபதிங்கா என்ற ஊர் இருக்கு. ஒரு தெருவைத் தாண்டினால் கொலம்பியாவின் லெட்டிசியா. பிரேசிலில் பிடித்த மீன் இந்த எல்லையைத் தாண்டிவிட்டால் கொலம்பியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும். விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பைகளில் அடைத்த மீன்களை பிரேசில் அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். பிடிபட்டதெல்லாம் உயிரோடு இருந்ததா என்றால், இல்லை.

2017 ஜனவரியில் பிரேசில் தன் சொந்த முடிவாக இந்த மீனை சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மூன்றாவது பட்டியலில் சேர்த்தது. சைட்டிஸ் என்பது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மூன்றாவது பட்டியல் என்பது, 'என் நாட்டில் இதற்குப் பாதுகாப்பு இருக்கு, மற்ற நாடுகளும் ஒத்துழையுங்க' என்று கேட்பது போல.

2022 பனாமா மாநாட்டில் பிரேசில் ஒரு படி மேலே போய், புலி, யானை வரிசையில் முதல் பட்டியலிலேயே சேர்க்கச் சொன்னது. கிடைத்தது இரண்டாவது பட்டியல். கூடவே ஒரு நிபந்தனை: ஆற்றிலிருந்து பிடித்த மீனுக்கு வணிக ஏற்றுமதி ஒதுக்கீடு பூஜ்யம். 2023 பிப்ரவரி முதல் இது அமலில் இருக்கு.

ஏன் முதல் பட்டியல் கொடுக்கவில்லை? அங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

ஆற்றில் அரிது, தொட்டியில் தாராளம்

ஸீப்ரா பிளெக்கோவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைப்பது முடியாத காரியம் இல்லை. ஜெர்மனியில், இந்தோனேசியாவில் எனப் பல நாடுகளில் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். வீட்டுக்குள் நாலைந்து தொட்டி வைத்து குஞ்சு எடுத்து விற்பவர்களும் உண்டு. முதல் பட்டியலில் போட்டால் வணிகத்துக்காக வளர்க்கும் ஒவ்வொரு பண்ணையும் சைட்டிஸ் செயலகத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது பட்டியல் என்றால் தொட்டியில் பிறந்த மீனை முறையான அனுமதிச் சீட்டோடு விற்கலாம்.

இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். தொட்டியில் பிறந்த மீன் சந்தையில் நிறைய கிடைத்தால் ஆற்று மீனுக்கான விலை இறங்கும், கடத்தல் குறையும் என்பது ஒரு வாதம். இதில் நியாயம் இருக்கு. ஆனால் தொட்டியில் பிறந்த மீனையும் ஆற்று மீனையும் பக்கத்தில் வைத்தால் விமான நிலைய அதிகாரி எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்? கடத்தி வந்த மீனை 'என் பண்ணையில் பிறந்தது' என்று சொல்லி விற்க இதே ஓட்டை போதும்.

இன்னொரு வேதனை அல்டமிராவில் இருக்கு. ஆறு அவர்களுடையது, மீன் அவர்களுடையது, ஆனால் இன்று அந்த மீனை வளர்த்து சட்டப்படி சம்பாதிப்பவர்கள் உலகின் மறுபக்கத்தில் இருக்கிறார்கள். அல்டமிராவில் பாரா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்று இந்த மீனை இனப்பெருக்கம் செய்து ஆராய்கிறது. கம்ப்ரஸர் குழாயைக் கடித்துக்கொண்டு முங்கிய குடும்பங்களுக்கு அதனால் வருமானம் வரும் நாள் இன்னும் வரவில்லை.

வீட்டில் வளர்க்க என்ன வேணும்?

இந்த மீனை வளர்ப்பவர்கள் தொட்டியில் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பார்த்தால், ஆற்றில் அதற்கு எது உயிர் என்பது தானாகப் புரியும். சாதாரண டேங்க் கிளீனர் வளர்ப்பவர்களுக்கும் இதில் சில விஷயம் உதவும்.

முதலில் ஓட்டம். வழக்கமான ஃபில்டர் போதாது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் மணிக்கு எட்டு, பத்து தடவையாவது சுற்றி வரும் அளவுக்கு பவர் ஹெட் போடுவார்கள். அது குகைகள் மீது நேராகப் பாயும்படி திருப்பி வைப்பார்கள். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சிஜன் இறங்காது.

அடுத்தது சூடு. இது 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீரில் வாழும் மீன். கோடையில் ஷிங்கு அதற்கு மேலும் சூடாகும். சென்னையில் வருஷத்தில் பாதி நாளுக்கு ஹீட்டரே வேண்டாம் என்று நினைப்பீங்க. சரிதான், ஆனால் ஒரு சிக்கல். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சூடு ஏற ஏற ஓட்டமும் ஏறினால்தான் மீன் தாங்கும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கையில் இருக்கணும். இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுது, பவர் ஹெட் ஓடலை என்றால், உங்களுக்குக் காற்று வரும், அதற்கு வராது.

மூன்றாவது இடுக்கு. மீன் உடம்போடு ஒட்டி நிற்கும் அளவுக்குக் குறுகலான, ஒரு பக்கம் மூடிய குழாய் அல்லது கல்குகை. மீன்களின் எண்ணிக்கையைவிட குகை அதிகமாக இருந்தால்தான் சண்டை வராது. மணல் மெலிதாக இருந்தால் போதும். குகைக்கு அடியில் மிச்சத் தீனியும் கழிவும் படியக்கூடாது. படிந்தால் அழுகும், முட்டை வீணாகும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றி, குழாய் வைத்து அடியை உறிஞ்சி எடுப்பார்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து கடினத்தைக் குறைப்பார்கள், ஏனென்றால் ஷிங்கு தண்ணீரில் கரைந்த உப்பு ரொம்பக் குறைவு.

தீனி விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுவார்கள். 'சக்கர் மீன்தானே, பாசி தின்னு பிழைச்சுக்கும்' என்று விட்டால் பட்டினி கிடக்கும். பற்கள் குறைவு என்று சொன்னோமே, இதற்குத்தான். பிளட்வாம், பிரைன் ஷ்ரிம்ப், புரதம் நிறைந்த மூழ்கும் பெல்லட் கொடுக்கணும். அதுவும் விளக்கை அணைத்த பிறகு. வேகமாகப் பாய்ந்து தின்னும் மீன்களோடு போட்டால் இதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

எல்லாம் சரியாக அமைந்தால், ஆண் மீன் ஒரு குகையைப் பிடித்துக்கொண்டு பெண்ணை உள்ளே வரவைக்கும். பெண் போடுவது பத்துப் பதினைந்து முட்டைதான். ஆண் வெளியே வராமல் செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும், முட்டைகளுக்கு புதுத் தண்ணீர் கிடைக்க. ஒரு வாரத்தில் பொரியும். குஞ்சுகள் வயிற்றில் தொங்கும் மஞ்சள்கருப் பையில் உள்ள உணவு தீரும் வரை அப்பாவின் குகைக்குள்ளேயே இருக்கும். அந்தக் குஞ்சுகள் பெரிதாகி முட்டை போட இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

பத்துப் பதினைந்து முட்டை, இரண்டு மூன்று வருஷம். இந்த வேகத்தில் பெருகும் உயிரினத்தை கண்மண் தெரியாமல் பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட பெரிய படிப்பு தேவையில்லை.

இப்போ அணைக்கு வருவோம்

ஓட்டம், ஆக்சிஜன், இடுக்கு, படிவு இல்லாத அடித்தரை. இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு ஷிங்குவில் நடந்ததைப் பாருங்க.

இந்த ஆற்றில் அணை கட்டும் திட்டம் 1970களிலேயே தொடங்கியது. 1989இல் அல்டமிராவில் பழங்குடி மக்கள் பெரிய கூட்டம் நடத்தினார்கள். மேடையில் இருந்த மின் நிறுவன அதிகாரியின் கன்னத்தில் டுய்ரா என்ற கயாபோ பெண் அரிவாளின் தட்டைப் பக்கத்தை வைத்து அழுத்திய படம் உலகம் முழுக்கப் பரவியது. திட்டம் கிடப்பில் போனது. பிறகு பெயர் மாறி, வடிவம் மாறி, பெலோ மோன்டே என்று திரும்பி வந்தது. 2011இல் கட்டுமானம் தொடங்கியது. 2016இல் முதல் டர்பைன் ஓடியது. 2019இல் கடைசி டர்பைன்.

மொத்தத் திறன் 11,233 மெகாவாட். ஒப்பிட்டுச் சொன்னால், கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு அணு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட். உலகின் மிகப்பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்று இது. ஆனால் ஷிங்கு பருவத்துக்குப் பருவம் பெருத்து வற்றும் ஆறு. அதனால் வருடம் முழுக்க நம்பி எடுக்கக்கூடிய சராசரி மின்சாரம் 4,571 மெகாவாட் என்றுதான் கணக்கிட்டார்கள். பாதிக்கும் குறைவு.

அணையின் வடிவமைப்பைப் புரிந்துகொள்வது முக்கியம். ஆறு கொக்கி போல வளைகிறது என்று சொன்னோமே, அந்தக் கொக்கியின் தொடக்கத்தில் பிமென்டல் என்ற இடத்தில் தடுத்து, சுமார் 20 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, தண்ணீரைக் குறுக்கே கொண்டுபோய் மின் நிலையத்தில் விழ வைக்கிறார்கள். வளைவைச் சுற்றிப் போக வேண்டிய தண்ணீரில் 80 சதவீதம் வரை இப்படித் திருப்பிவிட முடியும். 90 மீட்டர் இறக்கத்தை ஆறு பாறை பாறையாக இறங்கிச் செலவழித்த விசையை இப்போது டர்பைன் வாங்கிக்கொள்கிறது. மின்சாரமாக மாறுவதும், மீனை வாழவைப்பதும் ஒரே விசைதான்.

ஏப்ரல் வாக்கில் ஷிங்கு பெருக்கெடுக்கும்போது அணைக்கு முன் சராசரியாக நொடிக்கு சுமார் 20,000 கனமீட்டர் தண்ணீர் போகும். அணை வந்த பிறகு வளைவுக்கு விட வேண்டிய அளவாக இரண்டு அட்டவணை வகுத்தார்கள். ஒரு வருடம் உச்சமாக 4,000 கனமீட்டர், அடுத்த வருடம் 8,000 கனமீட்டர், மாறி மாறி. பெரியது என்று சொல்லப்படும் அட்டவணையே பழைய வெள்ளத்தில் பாதிகூட இல்லை.

வளைவின் கரையில் ஜுருனா பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தங்களை யுட்ஜா என்று அழைத்துக்கொள்வார்கள், ஆற்றின் சொந்தக்காரர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அறிவியலாளர்களோடு சேர்ந்து அவர்களே தண்ணீர் மட்டத்தையும் மீன்களையும் வருடக்கணக்கில் அளந்து பதிவு செய்து வருகிறார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு நம்பும் மீன்கள், வெள்ளத்தில் மூழ்கும் காட்டுக்குள் போய் முட்டை போடுபவை. வெள்ளம் ஏறவில்லை என்றால் அந்த இடத்துக்கே போக முடியாது. ஏறிய தண்ணீர் திடீரென்று இறங்கினால் முட்டை காய்ந்துவிடும்.

ஸீப்ரா பிளெக்கோவுக்குக் காடு மூழ்கத் தேவையில்லை. அதன் பிரச்னை வேறு. வளைவில் ஓட்டம் தளர்ந்தால், வேகத் தண்ணீர் துடைத்து எடுத்துப் போன மெல்லிய வண்டல் இடுக்குகளில் படியும். ஆழம் குறைந்த தண்ணீர் வெயிலில் அதிகம் சூடாகும், ஆக்சிஜன் குறையும். அணைக்கு மேற்பக்கம் தேங்கி நிற்கும் நீரிலும் இதே கதிதான். தொட்டியில் குழாய் வைத்து வாராவாரம் அடியை உறிஞ்சி எடுக்கும் வேலையை ஆற்றில் வெள்ளம் செய்துகொண்டிருந்தது. அந்த வெள்ளத்தைத்தான் கால்வாய் எடுத்துக்கொண்டது.

பிரேசில் தரப்பு என்ன சொல்லுது?

அணையை நியாயப்படுத்துபவர்களிடம் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிலக்கரி எரிக்காத மின்சாரம். பெரிய நீர்த்தேக்கம் கட்டி காட்டை மூழ்கடிக்கும் பழைய திட்டத்தை விட்டுவிட்டு, சிறிய தேக்கத்தோடு நிறுத்தியதையும் சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் சின்னத் தேக்கம் என்பதற்குக் கொடுத்த விலை 130 கிலோமீட்டர் ஆறு. தேக்கி வைக்க முடியாததால் வறண்ட மாதங்களில் டர்பைன்களுக்கும் தண்ணீர் போதாது. அதனால் ஒவ்வொரு கனமீட்டருக்கும் மின் நிலையமும் மீனும் போட்டி போடுகின்றன.

அணையின் இயக்க உரிமம் 2021 நவம்பரோடு முடிந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை பழைய உரிமத்திலேயே ஓட அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆக, வளைவுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. அதே வளைவின் கரையில் பெரிய தங்கச் சுரங்கம் தோண்ட கனடா நிறுவனம் ஒன்று அனுமதி கேட்டு வருவது தனிக் கதை.

பனாமாவில் போட்ட தடை கடத்தல்காரனின் பெட்டியைத் தடுக்கும். கால்வாயின் மதகை அது தொடாது. சைட்டிஸ் என்பது வணிக ஒப்பந்தம், அதன் அதிகாரம் அவ்வளவுதான். மீனின் பெயர் பட்டியலில் ஏறியதும் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

நம்ம ஊருக்கு இதில் என்ன சம்பந்தம்?

இரண்டு வகையில் இருக்கு.

ஒன்று சட்டம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், சைட்டிஸ் உயிரினங்களுக்கென்றே நான்காவது அட்டவணையை உருவாக்கியது. அந்த அட்டவணையில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. குஞ்சு பொரித்தாலும், கைமாற்றிக் கொடுத்தாலும் தெரிவிக்கணும். யாராவது வாட்ஸ்அப் குழுவில் 'எல்-46 இருக்கு, பேப்பர் எதுவும் வேண்டாம்' என்று சொன்னால், காசு கொடுப்பதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்க. பில்லும் பிறப்பிடச் சான்றும் இல்லாத மீன் எந்தப் பாறை இடுக்கிலிருந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது.

இன்னொன்று, முதலில் சொன்ன டேங்க் கிளீனர். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் சுபாவம் நேர் எதிர். தேங்கிய தண்ணீர், சாக்கடை கலந்த தண்ணீர், எதுவானாலும் பிழைக்கும். ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகவே மூச்சு விடும். தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் தாங்கும். கரையில் வளை தோண்டி நூற்றுக்கணக்கில் முட்டை போடும். கடையில் வாங்கும்போது விரல் நீளம், வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். தொட்டி கொள்ளாமல் போனதும் 'பாவம், உயிரோட இருக்கட்டும்' என்று ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது வலையில் மாட்டுவது சகஜம். முதுகுச் செட்டையின் முள் வலையைக் கிழிக்கும், சந்தையில் விலை போகாது. ஆந்திராவில் மீன் பண்ணையாளர்கள் இதற்கு 'டெவில் ஃபிஷ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் தண்ணீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவை வைத்தே இது எங்கெல்லாம் பரவியிருக்கு என்று கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கி, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் தேடியிருக்கிறார்கள்.

வீட்டில் டேங்க் கிளீனர் பெரிதாகிவிட்டது, வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்க, அல்லது பெரிய தொட்டி உள்ளவர்களிடம் கொடுங்க. ஏரி, குளம், கால்வாய் எதிலும் விடாதீங்க. ஓட்டமே இல்லாத தண்ணீரிலும் அது பெருகிவிடும்.